பிரிஜிட் திருநாள்: கில்டேர் நாட்குறிப்பு, 2025

ஜனவரி 28, செவ்வாய்

நாணல் பறிக்கும் நாள். அயர்லாந்துத் தெய்வம் பிரிஜிட்டுக்கான சிலுவையை இதில்தான் முடைகிறார்கள். நம் கோரைக்கு முப்பட்டைத் தண்டு. இது உருண்டை, உள்ளே வெள்ளைப் பஞ்சு. நீர் தேங்கும் மேய்ச்சல் நிலத்தில் கொத்துக் கொத்தாக நிற்கும். கத்தி வைக்காமல் பிடுங்குவதுதான் மரபு. அடியைப் பிடித்து நேராக மேலே இழுத்தால் வெளிறிய பகுதியோடு உருவி வரும். எயோவின் புயல் அடித்து 4 நாள்தான் ஆகிறது. மடங்கிச் சாய்ந்த தண்டுகளை விட்டுவிட வேண்டும். மடங்கிய இடத்திலேயே பின்னலும் முறியும்.

ஒரு சிலுவைக்கு 29 தண்டு: கைக்கு 7 வீதம் 28, நடுவுக்கு 1. உடைவதற்கு ஈடாக இன்னும் 8. நீளம் 35 செ.மீ. போதும். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

ஜனவரி 30, வியாழன்

முடையும் முறை. ஒரு தண்டை நிமிர்த்திப் பிடித்து, இரண்டாவதை நடுவில் மடித்து அதன் இடுப்பில் மாட்டி, இரு முனையும் வலப்பக்கம் நீள விட வேண்டும். பிறகு மொத்தத்தையும் கடிகாரத்துக்கு எதிராகக் கால் சுற்று. வலப்பக்கம் இருந்த கை இப்போது மேலே நிற்கும். அடுத்த தண்டை மடித்து அந்தக் கை முழுவதையும் அணைத்து வலப்பக்கம் விட வேண்டும். மறுபடி கால் சுற்று. கடைசி வரை இவ்வளவுதான்.

கெடுவது இரண்டு இடத்தில். நடுவைப் பிடித்த கட்டைவிரல் தளர்ந்தால் சதுரம் வாய் பிளக்கும். ஒவ்வொரு மடிப்பையும் முந்தையதை ஒட்டி நெருக்க வேண்டும். பாதியில் எழுந்து போய் வந்து சுற்றுத் திசையை மாற்றினால் ஒரு கை தடித்து இன்னொன்று மெலியும். அதைச் சரிசெய்ய முடியாது, தப்பிய இடம் வரை பிரிக்கத்தான் வேண்டும். கடைசித் தண்டின் முனைகளைப் பக்கத்துக் கையின் மடிப்புக்குள் செருகி, 4 கையையும் நூலால் கட்டி, நுனியைச் சமமாக நறுக்க வேண்டும்.

ஜனவரி 31, வெள்ளி

ஐரிஷ் வழக்கில் நாள் மாலையில் தொடங்கும். ஆகவே இம்போல்க் (வசந்தத் தொடக்கத்தில் வரும் பிரிஜிட் திருநாளின் பழைய பெயர்) விழா இன்று சூரியன் மறைந்ததும், சுமார் 5 மணிக்கே ஆரம்பம்.

இருட்டும் முன் ஒரு துணியை வெளியே போட வேண்டும். பெயர் ‘பிராட் பிரீட்’, பிரிஜிட்டின் போர்வை. லினன் அல்லது பருத்தி, கைக்குட்டை அளவு. புதரிலோ சன்னல் விளிம்பிலோ விரித்தால் இரவில் அவள் கடந்து போகும்போது தொடுவாள் என்பது நம்பிக்கை. காற்றுக்குக் கல் வைக்க வேண்டும்.

பிறகு வாசல் சடங்கு. ஒருவர் நாணல் கட்டோடு வெளியே நின்று, “மண்டியிடுங்கள், கண் திறவுங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள்” என்பார். உள்ளிருப்பவர்கள் “வருக, வருக” என்பார்கள். இது பிரிஜிட்டைப் புனிதராக வணங்கும் கிறித்தவக் குடும்பங்கள் காத்து வைத்த வழக்கம். பேகன்கள், அதாவது கிறித்தவத்துக்கு முந்தைய தெய்வ வழிபாட்டை இன்று மீட்டெடுப்பவர்கள், அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதை மறைப்பதில் பொருளில்லை.

சுடர்க் காவல் வேறு கதை. 12-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் கிரால்டஸ் கேம்ப்ரென்சிஸ், கில்டேரில் 19 கன்னியர் இரவுக்கு ஒருவராக நெருப்பைக் காத்ததையும், 20-ஆம் இரவு பிரிஜிட்டிடமே விடப்பட்டதையும் எழுதினார். நெருப்பை வாயால் ஊதக் கூடாது, துருத்தியோ விசிறியோ மட்டும். பிற்பாடு அணைந்துபோன அதை 1993-இல் இதே ஊரில் மறுபடி ஏற்றியவர்களும் கத்தோலிக்கக் கன்னியர்களே. பேகன் குழுக்களின் 20 நாள் காவல் சுழற்சி கிரால்டஸைப் படித்து அமைத்தது, பரம்பரையாக வந்ததல்ல.

யார் எந்த இரவு காப்பது என்று முறை எழுதும்போது எப்போதும் வரும் குழப்பம் தேதி. சூரிய மறைவு முதல் மறுநாள் மறைவு வரை ஒருவர் முறை என்பதால் இரண்டு தேதியும் எழுத வேண்டும்: “பிப்ரவரி 1 மாலை – 2 மாலை”. ஒற்றைத் தேதி எழுதினால் இருவர் ஏற்றுவார்கள், அல்லது ஒருவரும் ஏற்ற மாட்டார்கள். நேரம் அவரவர் ஊர்ச் சூரியனைப் பொறுத்தது.

4 மணி நேரம் எரியும் சிறு மெழுகுவிளக்கு என்றால் ஒரு முறைக்கு 6. தடித்த மெழுகுவத்தி என்றால் முதல் தடவை மேற்பரப்பு விளிம்பு வரை உருகும்வரை அணைக்கக் கூடாது. இல்லாவிட்டால் நடுவில் குழி விழுந்து திரி மூழ்கும். திரி 5 மி.மீ. தாண்டினால் கரி படியும். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் மூடியால் அணைத்துப் பிறகு ஏற்றலாம். வீட்டைக் கொளுத்தும் பக்தி அவளுக்கு வேண்டியதில்லை.

பிப்ரவரி 1, சனி

விடிந்ததும் பனியோடு துணியை எடுத்து நிழலில் உலர்த்தி மடித்து வைக்க வேண்டும். தலைவலிக்கு நெற்றியில் கட்டுவார்கள். துவைக்கும் வழக்கமில்லை.

படையலுக்குப் பால், வெண்ணெய், ஓட்ஸ் ரொட்டி. செம்மறி ஆடு பால் சுரக்கும் பருவம் என்பதால் பாலுக்கு முதலிடம். வெண்ணெயில் உப்பு இருந்தால் மண்ணில் கொட்டாமல் இருப்பது நல்லது.

பிரிஜிட் தெய்வம் என்பதற்குத் தெளிவான சான்று கி.பி. 900-ஐ ஒட்டிய பழைய ஐரிஷ் அகராதி ‘கோர்மக் சொற்களஞ்சியம்’. அதன்படி அவள் தாக்தா என்ற ஐரிஷ் தெய்வத்தின் மகள், கவிஞர்கள் வணங்கியவள். அதே பெயரில் மருத்துவத்துக்கும் கொல்லுவேலைக்கும் இரு சகோதரிகள். வரிகள் சில, எழுதியவர்கள் கிறித்தவர்கள். இதற்கு மேல் ‘ஆதி மந்திரம்’ என்று எவராவது நீட்டினால் நம்ப வேண்டாம்.

பிப்ரவரி 3, திங்கள்

பிரிஜிட் திருநாளுக்கான அரசு விடுமுறை, 2023-இலிருந்துதான் உண்டு. பிரிஜிட் பெயரிலான கிணற்றடியில் கூட்டம். அங்குள்ள மரத்தில் துணி கட்டுவது, துணி மக்கும்போது நோயும் போகும் என்ற எண்ணத்தில். பாலியஸ்டர் மக்காது; இறுக்கிய முடிச்சு கிளை பருக்கும்போது பட்டையை அறுக்கும். சாயமில்லாத பருத்தி அல்லது கம்பளி, விரல் அகலம், தொளதொளவென்று ஒரு முடிச்சு. ஏற்கெனவே நிறைந்த கிளை என்றால் கட்டாமல் தண்ணீரைத் தொட்டு வந்தால் போதும்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று மாலை சுடர்க் காவலின் 20-ஆம் முறை. காவலாள் இல்லை, அவளுடைய இரவு. வாசலுக்கு மேல் மாட்டிய சிலுவை உலர்ந்து சுருங்கியிருக்கும். 4 கையின் நூல்கட்டையும் அவிழ்த்து ஒரு சுற்று இறுக்கிக் கட்ட வேண்டும். இப்போது விட்டால் கோடைக்குள் தண்டுகள் ஒவ்வொன்றாக உருவி விழும்.