மார்கழியில் விதைத்த கரட்

கரட் மலைநாட்டில்தான் விளையும் என்று கிளிநொச்சிப் பக்கம் இன்னும் பலர் நம்புகிறார்கள். சந்தைக்கு வருவது நுவரெலியாவிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் லொறியில் வரும் கரட் என்பதால் அந்த எண்ணம் மாறவில்லை. எங்கள் வளவில் பிடுங்கிய பிறகு உறுதியாகச் சொல்கிறேன்: காலம் பார்த்து விதைத்தால் வன்னியிலும் வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது விதைத்தால் விதை கழுவுண்டு போகும். கனமழை ஓயத் தொடங்கும் மார்கழியில் விதைக்க வேண்டும். அப்போதுதான் தை, மாசிக் குளிரில் கிழங்கு பருக்கும். நான் எடுத்தது வெப்பத்தைத் தாங்கும் நியூ குரோடா இனம். பைக்கற்றில் உள்ள திகதியைப் பார்த்து வாங்குங்கள், பழைய விதை சரியாக முளைக்காது. வீட்டில் விதை எடுக்கவும் வழியில்லை. கரட் பூப்பதற்கு நீண்ட குளிர் வேண்டும், அது எங்களிடம் கிடையாது.

எங்களுடையது சரளைக்கல் கலந்த செம்மண். கல்லில் முட்டிய வேர் இரண்டாகப் பிளக்கும். ஆகவே ஒரு முழ ஆழத்துக்குக் கொத்தி, கல்லைப் பொறுக்கி, மேல்மண்ணை அரிதட்டில் அரித்து, மணல் கலந்து மேட்டுப் பாத்தி போட்டேன். முதுகு முறிகிற வேலைதான், ஆனாலும் இதைக் குறைக்கவே கூடாது. மாட்டெரு நன்றாக உக்கியதாக இருக்க வேண்டும். பச்சை எரு போட்டாலும் வேர் கிளைக்கும். நாற்று மேடையில் முளைக்க வைத்துப் பிடுங்கி நடுவதும் சரிவராது. நுனிவேர் அறுந்தால் கிழங்கு கோணும்.

விதையை உலர்ந்த மணலோடு கலந்து, விரல் நகமளவு ஆழக் கோட்டில் தூவி மூடினேன். மேலே மெல்லிய வைக்கோல், அதன்மேல் மயில் கிளறாமல் ஒரு பழைய மீன்வலை. முளைக்க ஒரு வாரமும் ஆகும், இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை மேல்மண் ஒரு பொழுதும் காயக்கூடாது. காலையும் மாலையும் பூவாளியால்தான் தண்ணீர் விட்டேன். வாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்குப் போய்விடும்.

முதலில் வந்தவை ஊசிபோல ஒல்லியான இரண்டிரண்டு இலைகள். "பிள்ளை, புல்லுக்கா தண்ணி விடுகிறாய்?" என்று பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் கேட்டார். களையும் அப்படித்தான் தெரியும். சீப்புப் பல்லாகப் பிரிந்த அடுத்த இலை வந்த பிறகே களை பிடுங்கத் தொடங்கினேன்.

ஐதாக்கும்போது மனம் இளகக்கூடாது. இரண்டு விரல் இடைவெளி விட்டு மற்றவற்றைப் பிடுங்குங்கள். விட்டுவைத்தால் ஒன்றும் பருக்காது. பிடுங்கியதும் எழுகிற கரட் மணமே தனி. இளம் இலையை வறையில் சேர்த்தோம். பிறகு கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே தெரிந்தால் மண் அணையுங்கள், வெயில் பட்டால் பச்சையாகிக் கசக்கும்.

மாசி கடைசியில் பிடுங்கினோம். எங்கள் கரட் மலைநாட்டுக் கரட்டைவிடக் கட்டை, நிறமும் சற்று வெளிறல். மண் சூடு கூடினால் அப்படித்தான் வரும். ஆனால் பிடுங்கிய கையோடு கழுவிக் கடித்தால் வருகிற இனிப்பு, நாட்கணக்கில் மூட்டையில் கிடந்ததற்கு வராது. பிடுங்குமுன் பாத்தியை நன்றாக நனையுங்கள், இல்லாவிட்டால் இலை மட்டும் கையோடு வரும். பிடுங்கியதும் இலையைத் திருகி எடுத்துவிடுங்கள், வைத்திருந்தால் கிழங்கின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும்.