ஃபார்மட் பண்ணுவதற்கு முன்னால் ஒரு பென் டிரைவ்

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் என் சித்தப்பா பாரம்பரிய நெல் ரகங்களைச் சாகுபடி செய்கிறார். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, காட்டுயானம் என்று எது எந்த வயலில் எப்போது நட்டது, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது, விதை யாருக்குப் போனது, எல்லாம் அவருடைய பழைய டெஸ்க்டாப்பில் எக்ஸல் கணக்காக இருக்கிறது. பென்டியம் 4, 1 ஜிபி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. குறுவை அறுப்பு நேரத்தில் அது கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. தூக்கிக்கொண்டு போன கடையில், "ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும், உள்ள இருக்கறது போயிடும்" என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. விண்டோஸ் கிளம்பவில்லை என்றால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கிளப்பிவிடும் பகுதிதான் கெட்டிருக்கும், கணக்கெல்லாம் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து கிளப்பினால் அது ராமில் ஓடும். நாமாகச் சொல்லாதவரை ஹார்டு டிஸ்க்கில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாது.

எந்த லினக்ஸ் என்பதில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. சித்தப்பாவின் பிராசஸர் பழைய 32 பிட் வகை, 64 பிட்டுக்குச் செய்த லினக்ஸ் அதில் ஓடாது. லினக்ஸ் வகைகளில் உபுண்டு 2017-லேயே 32 பிட் டெஸ்க்டாப் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. 2020-இல் வந்த மின்ட் 20-லும் இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது. அதனால் டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸின் 32 பிட் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் எழுதிக்கொண்டு போனேன். குறைந்த ராமுக்கென்றே செய்தது அது.

பலரும் கைவிடும் இடம் பயாஸ்தான், அதாவது கம்ப்யூட்டர் எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் அமைக்கும் திரை. ஆன் செய்ததும் டெலிட் கீயை அழுத்தி உள்ளே போனால், ஃபர்ஸ்ட் பூட் டிவைஸில் யூஎஸ்பி-எஃப்டிடி, யூஎஸ்பி-ஜிப், யூஎஸ்பி-ஹெச்டிடி என்று வரிசையாக இருக்கும். கடைசியதைத் தேர்ந்தெடுத்தும் கிளம்பவில்லை என்றால், "இதுல யூஎஸ்பி பூட் கிடையாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தக் காலத்துப் பல மதர்போர்டுகளில் பென் டிரைவும் ஒரு ஹார்டு டிஸ்க்காகத்தான் தெரியும். ஹார்டு டிஸ்க் பூட் பிரையாரிட்டி என்ற தனிப் பட்டியலில் அதை மேலே ஏற்ற வேண்டும். அதற்கும் கம்ப்யூட்டரை ஆன் செய்யும் முன்பே பென் டிரைவைச் சொருகியிருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் பெயரே வராது. முன்பக்கத் துளையை நம்பாதீர்கள், பின்னால் போர்டிலேயே இருப்பதில் சொருகுங்கள். யூஎஸ்பி கீபோர்டு இந்தக் கட்டத்தில் வேலை செய்யாவிட்டால், உருண்டை முனை உள்ள பழைய பிஎஸ்/2 கீபோர்டு கைகொடுக்கும். பயாஸில் நிஜமாகவே யூஎஸ்பி வழி இல்லாத இன்னும் பழைய மெஷின் என்றால், பிளாப் பூட் மேனேஜர் என்ற சின்ன மென்பொருளை ஒரு சிடியில் எழுதி, சிடியில் கிளப்பி, அங்கிருந்து பென் டிரைவுக்குத் தாவலாம்.

அப்புறம் மதர்போர்டில் இருக்கும் அந்தப் பொத்தான் பேட்டரி, சிஆர் 2032. எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் பயாஸில் செய்த மாற்றம் மறைந்து, தேதியும் பழைய வருஷத்துக்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும், நாம் பாவம் நெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். கடிகாரக் கடையில் ஒரு பேட்டரி வாங்கிப் போட்டேன், சரியாகிவிட்டது.

ஆன்டிஎக்ஸ் திரை வந்ததும் டிஸ்க்கைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி, அதாவது ரீட் ஒன்லியாக மவுன்ட் செய்து, முதல் வேலையாக நெல் கணக்கு முழுவதையும் வேறொரு பென் டிரைவுக்கு நகல் எடுத்தேன். எக்ஸல் கோப்பைத் திறக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. சித்தப்பா முகம் வாடிவிட்டது. கோப்பு கெடவில்லை, அவர் தட்டச்சு செய்தது இன்று எல்லாரும் பயன்படுத்தும் யூனிகோடு முறைக்கு முந்திய பாமினி எழுத்துருவில். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அதை எடுத்துப் போட்டதும் காட்டுயானம் காட்டுயானமாகவே தெரிந்தது.

"விதைக்கறதுக்கு முன்னாடி முளைப்புத்திறன் பாக்கற மாதிரிதானப்பா இது?" என்றார். ஆமாம், சரியாக அதுதான். சவுண்டு வருகிறதா, பிரின்டர் பேசுகிறதா, நெட் கிடைக்கிறதா என்று எல்லாவற்றையும் எதையும் அழிக்காமல் பார்த்துவிடலாம். யூடியூப் பார்க்க இந்த மெஷின் ஆகாது. கணக்கு எழுத, ரசீது அடிக்கத் தாராளம்.

அந்த வயதான டிஸ்க்கை நான் நம்பவில்லை, அதனால் லினக்ஸை அதில் ஏற்றவில்லை. ஆன்டிஎக்ஸிலேயே இருக்கும் லைவ் யூஎஸ்பி மேக்கரால் இன்னொரு பென் டிரைவ் தயார் செய்து, எழுதுவது தங்குவதற்காகப் பெர்சிஸ்டன்ஸ் வைத்துக் கொடுத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை கணக்கை என் தங்கைக்கு மெயிலில் அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதற்குள் சித்தப்பாவுக்கு 64 பிட் மெஷின் ஒன்று பழசிலாவது பார்த்துவிட வேண்டும்.