லாபத்துக்கு அடுத்த பக்கங்கள்

நிர்வாகம் ஒழுங்காக இருந்து, கணக்கை ஒளிக்காமல் காட்டினால் ஒரு கம்பெனிக்கு லாபம் கூடுமா? சி.ஏ. பயிற்சிக்காகக் குன்னூர் வரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நீலகிரியின் தேயிலைக் கம்பெனிகளில் கணக்குப் பிரிவிலேயே என் வேலைக்காலம் ஓடிவிட்டது. என் பதில் ஆமாம்தான். ஆனால் பாடப் புத்தகம் சொல்கிற வழி வேறு, நான் பார்த்த வழி வேறு. முதலீட்டாளர் ஆண்டறிக்கையைப் படித்து மெச்சுவார், பங்கு விலை ஏறும் என்பது புத்தகத்தின் வழி. எங்கள் மலைக் கம்பெனிகளில் பாதிக்கு மேல் பங்குச் சந்தைப் பக்கமே போகாதவை. அங்கே நடந்தது இதுதான்: ஒரு எண்ணை வெளியே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்த பிறகே உள்ளே இருப்பவர்கள் அதை முதல்முறையாக உற்றுப் பார்த்தார்கள். பணம் மிச்சமானது அந்தப் பார்வையில்.

முதலில் கிராஜுவிட்டியைச் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் இருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெறுகிற தொழிலாளிக்கு வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி தர வேண்டும். எஸ்டேட்டில் 18 வயதில் செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் பேர் பதிந்து கொழுந்து பறிக்க வந்த பெண் 58 வயதில் ஓய்வு பெற்றால் 40 ஆண்டு. அதாவது 600 நாள் கூலி, அதுவும் கடைசியாக வாங்கிய கூலி விகிதத்தில். நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் இந்தத் தொகையைக் கொடுக்கிற வருஷத்தில்தான் செலவு எழுதினார்கள். வருஷத்துக்கு நாலைந்து பேர் ஓய்வு பெற்றவரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எஸ்டேட்டை விரிவாக்கிய காலத்தில் ஒரே சமயத்தில் ஏராளமானவர்களை எடுத்திருந்தார்கள். ஒரே சமயத்தில் வந்தவர்கள் ஒரே சமயத்தில்தான் ஓய்வும் பெறுவார்கள். இந்தச் சின்னக் கணக்கு லாப நட்டத்தில் எங்குமே தெரியாது.

ஆடிட்டர் பிடிவாதமாக இருந்தார். கணக்கியல் தரநிலைப்படி பின்னால் கொடுக்க வேண்டிய தொகையை இன்றைக்கே கணித்துச் சொல்கிற ஆக்சுவரியிடம் மதிப்பீடு வாங்கி முழுப் பொறுப்பையும் கணக்கில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அறிக்கையில் குறை எழுதுவேன் என்றார். டைரக்டர்கள், கணக்கோடு வரும் குறிப்புகளில் (நோட்ஸில்) இரண்டு வரி போட்டால் போதாதா என்று கேட்டார்கள். போதாது என்றார். மதிப்பீடு வந்தபோது பல வருஷ லாபத்தை அந்த ஒரு வரி விழுங்கியது. அந்த ஆண்டு நட்டம். பேங்க்காரர்கள் வந்து கேள்வி கேட்டார்கள், டிவிடெண்ட் இல்லாமல் போனது. உண்மையைக் காட்டியதற்கு உடனே கிடைத்த பலன் அதுதான்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எந்த வருஷம் எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள் என்ற பட்டியல் முதல்முறையாக போர்டு மேஜைக்கு வந்தது. எல்.ஐ.சி.யின் குழு கிராஜுவிட்டித் திட்டத்தில் சேர்ந்து வருஷா வருஷம் கொஞ்சம் கட்டத் தொடங்கினார்கள். பங்களா புதுப்பிக்கும் திட்டம் தள்ளிப் போனது. பின்னால் தேயிலை விலை படுத்த வருஷங்களில், வேறு சில எஸ்டேட்டுகளின் ஆபீஸ் படிகளில் ஓய்வு பெற்றவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். எங்கள் கம்பெனி குறித்த நாளில் கொடுத்தது. கடன் வாங்கிக் கொடுக்கவில்லை, அதனால் அந்தக் கடனுக்கு வட்டியும் கட்டவில்லை. நல்ல நிர்வாகம் நிதி நிலையைத் தொடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது எந்த இடத்தில் தொடுகிறது என்பதை நான் அந்தக் கட்டாத வட்டியில் பார்த்தேன்.

அடுத்த கம்பெனியில் விஷயம் விறகு. தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு இங்கே பெரும்பாலும் விறகுதான். அதை சப்ளை செய்தவர் நிர்வாக இயக்குநரின் நெருங்கிய சொந்தக்காரர். அதில் தவறு ஒன்றும் இல்லை, மலையில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். கம்பெனியின் செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாயைத் தொட்டதும் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் விதிகள் எங்கள் மேலும் வந்தன. கம்பெனியோடு ஒட்டுறவு இல்லாத சுயேச்சை இயக்குநர்கள் இரண்டு பேர் வேண்டும், தணிக்கைக் குழு வேண்டும், இயக்குநரின் சொந்தக்காரர் போன்ற ரிலேட்டட் பார்ட்டியோடு செய்கிற வியாபாரத்துக்கு அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். கோயம்புத்தூரில் இருந்து ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். தேயிலை பற்றி எதுவும் தெரியாது என்று அவரே சொன்னார்.

அவர் விறகு விலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ விறகு போகுது? ஃபேக்டரிவாரியா குடுங்க சார்" என்றார். எங்களிடம் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ரூபாய்க் கணக்கு இருந்தது, எடைக் கணக்கு ரசீதுகளில் கிடந்தது. கிளார்க் இரண்டு பேரை உட்கார வைத்துத் தயாரித்தோம். ஒரு ஃபேக்டரி மற்றதைவிடக் கண்ணில் படுகிற அளவுக்கு அதிகமாக எரித்திருந்தது. காரணம், வெட்டிய ஈரத்தோடு மரம் வந்து இறங்கியது. எடைக்குக் காசு என்பதால் தண்ணீருக்கும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஈர விறகில் சூடு ஒரே சீராக நிற்காது, அது தூளின் தரத்தையும் கெடுக்கும். சரி, என்ன செய்தோம்? விறகு காய ஒரு கூரை போட்டோம், ஈரம் பார்த்து வாங்கினோம், மூன்று இடத்தில் விலை கேட்டோம். அதே சொந்தக்காரர்தான் தொடர்ந்தார், விலையைக் குறைத்துக்கொண்டு. யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. எரிபொருள் செலவு இறங்கியது, அவ்வளவுதான்.

விதி இல்லாமல் அந்தக் கேள்வி வந்திருக்குமா என்று யோசித்திருக்கிறேன். வந்திருக்காது. எங்களில் யாரும் முதலாளியின் சொந்தக்காரரின் ரசீதைக் கையில் எடுத்து அப்படிக் கேட்டிருக்க மாட்டோம். கேட்க உரிமையும் கேட்டால் எதையும் இழக்காத நிலையும் உள்ள ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டியிருந்தது.

ஆனால் இதை வைத்து, நல்ல நிர்வாகம் என்றால் லாபம் என்று நேர்க்கோடு போட்டுவிடக் கூடாது. ஆராய்ச்சியாளர்களே அந்தக் கோட்டில் தடுமாறியிருக்கிறார்கள். 2003-ல் கோம்பர்ஸ், இஷி, மெட்ரிக் என்ற மூவர் அமெரிக்காவின் சுமார் 1,500 பெரிய கம்பெனிகளை 24 நிர்வாக விதிகளை வைத்துத் தரம் பிரித்தார்கள். பங்குதாரர் உரிமை வலுவாக உள்ளவற்றை வாங்கி, மிகப் பலவீனமானவற்றை விற்றிருந்தால், 1990-களில் ஆண்டுக்கு 8.5 சதவீதம் கூடுதல் வருமானம் கிடைத்திருக்கும் என்று கண்டார்கள். உலகம் முழுக்க அதைப் பேசினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள், 2000-க்குப் பிறகு அந்தக் கூடுதல் வருமானம் காணாமல் போனதைக் காட்டின. சந்தை அதைப் புரிந்துகொண்டு விலையில் சேர்த்துவிட்டது என்பது ஒரு விளக்கம். எது காரணம், எது விளைவு என்ற சிக்கலும் இருக்கிறது. லாபம் நன்றாக வருகிற கம்பெனிக்குத்தான் நல்ல ஆடிட்டரும் பேர் பெற்ற டைரக்டர்களும் கிடைப்பார்கள், பெருமையாகச் சொல்லவும் விஷயம் இருக்கும். ஏலத்தில் நல்ல விலை போன வருஷத்தில் எங்கள் டைரக்டர் அறிக்கையே இரண்டு பக்கம் நீளும். விலை விழுந்த வருஷத்தில் வானிலையைப் பற்றி ஒரு பத்தியோடு நிற்கும்.

ஹைதராபாத் ஐ.டி. கம்பெனி சத்யத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்த போர்டு, 2008-ல் நிர்வாகத்துக்கான விருது. 2009 ஜனவரி 7 அன்று தலைவரே எழுதிய கடிதத்தில், ரொக்கம் மற்றும் பேங்க் இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று வந்தது. கட்டங்கள் எல்லாம் டிக் ஆகியிருந்தன. அந்த மார்ச் தணிக்கையில் எங்கள் ஆடிட்டர் பேங்க் இருப்புக் கடிதங்களை எங்கள் கை படாமல் பேங்க்கில் இருந்து நேரடியாக வாங்கினார். குன்னூரில் ஒரு சின்னக் கம்பெனியின் பழக்கத்தை ஹைதராபாத்தில் எழுதிய ஒரு கடிதம் மாற்றியது.

இதற்கு மறுபுறமும் எங்கள் மலையிலேயே உண்டு. ஊட்டி இந்துநகரில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மத்திய அரசுக் கம்பெனி. அரசுத் தணிக்கை உண்டு, அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகும். நட்டம் எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி எப்படி ஏறுகிறது என்பதெல்லாம் வருஷா வருஷம் அச்சில் இருந்தது. 1990-களில் நலிந்த தொழிலாக அறிவிக்கப்பட்டது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. அங்கே வேலை பார்த்த குடும்பங்களோடு பழகியவன் நான், அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. ஃபிலிமின் காலம் முடிந்தது ஒரு காரணம், கடன் சுமை இன்னொன்று. எல்லாம் வெளிப்படையாகத்தான் இருந்தது. படித்தவர்களில் காலத்தில் முடிவெடுக்கக்கூடியவர் யாரும் முடிவெடுக்கவில்லை. கணக்கைப் படிக்கிறவர் கையில் ஏதாவது செய்கிற அதிகாரம் இருந்தால்தான் வெளிப்படுத்தல் கம்பெனிக்கு உதவும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

அந்த அதிகாரம் உள்ள வாசகர் பேங்க் மேனேஜர். தணிக்கை அறிக்கையின் இணைப்பில் பி.எஃப். போன்ற சட்டப்பூர்வ பாக்கிகள் ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் உண்டா என்ற பகுதியை முதலில் புரட்டிய மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் உள்ள கம்பெனி, பேங்க்குக்குக் கொடுத்த காலாண்டு ஸ்டேட்மென்ட்டும் கணக்குப் புத்தகமும் ஒத்துப் போகிறதா என்று தணிக்கை அறிக்கை பற்றிய 2020-ஆம் ஆண்டு அரசாணைப்படி ஆடிட்டர் சொல்ல வேண்டும். கிடங்கில் இருக்கிற தூளைக் கொஞ்சம் ஊதிக் காட்டிக் கூடுதல் கடன் வாங்குவது பழைய வழக்கம். இனி அது அறிக்கையில் அச்சாகும். ஒத்துப் போகிற கம்பெனிக்குக் கடன் லிமிட் புதுப்பிக்கும்போது பேச்சு சீக்கிரம் முடிகிறது.

பேங்க்கைவிடப் பெரிய கடன்கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நீலகிரியில் பல்லாயிரம் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலையைக் கடனுக்குத்தான் கொடுக்கிறார்கள். காலையில் பறித்த கொழுந்து மாலையில் ஃபேக்டரிக்குப் போகும், முழுப் பணம் மாதம் முடிந்த பிறகு வரும். தேயிலை வாரியம் மாதந்தோறும் மாவட்டச் சராசரி விலையை அறிவிக்கிறது. ஆனால் மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், நாலு கிலோ சொச்சம் இலையில் இருந்து ஒரு கிலோ தூள் வந்ததா வரவில்லையா என்பதெல்லாம் ஃபேக்டரி கேட்டுக்குள்ளேயே நின்றுவிடும்.

நான் வேலை பார்த்த ஒரு ஃபேக்டரியில் முதலாளி வாசலில் பலகை வைத்தார். வந்த இலை, ஈரக் கழிவு, அவுட்டர்ன் (இலைக்கு எவ்வளவு தூள் வந்தது என்ற கணக்கு), அந்த வாரம் குன்னூர் ஏலத்தில் எங்கள் லாட் போன சராசரி விலை, நாலையும் தினமும் மாலையில் எழுதினோம். பக்கத்து ஃபேக்டரியைவிட எங்கள் விலை குறைவு என்று நாங்களே எழுதிப் போட்ட மாதங்களும் உண்டு. அப்போது இலை வரத்து சரிந்தது, ஏஜென்ட்டுகள் வண்டியைத் திருப்பினார்கள். முதலாளி பலகையை எடுக்கவில்லை. கேத்தி பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் சொன்னார்: "சார், ரெண்டு ரூபா குறைஞ்சாலும் பரவாயில்ல. எவ்வளவு கழிச்சாங்கன்னு தெரியாம குடுக்கறதுதான் வயித்தெரிச்சல்." மெல்ல மெல்ல இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பறிக்கிறவர்கள் எங்களிடம் வரத் தொடங்கினார்கள். தங்கள் இலையால் அவுட்டர்னும் ஏல விலையும் ஏறுவதை அவர்களால் பலகையிலேயே பார்க்க முடிந்தது. முற்றிய இலை கொண்டு வந்தவர்களில் சிலர் மாறினார்கள், சிலர் போய்விட்டார்கள். ஏலத்தில் விற்காமல் திரும்புகிற லாட்டுகள் குறைந்தன.

அந்த ஃபேக்டரி கூட்டு வியாபாரம், கம்பெனிகூட இல்லை. கம்பெனிச் சட்டத்தின் எந்தப் பிரிவும் அதைத் தொடாது. இங்கே இலை வாங்கித் தூள் போடுகிற பல ஃபேக்டரிகளின் நிலை இதுதான். இப்போது இரண்டு ஃபேக்டரிகளுக்கு ஆலோசகராகப் போய் வருகிறேன். எடையையும் கழிவையும் எழுத இருவரும் சம்மதித்துவிட்டார்கள். பாக்கி எந்தத் தேதியில் கொடுப்போம் என்பதையும் எழுதலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அவுட்டர்ன் மட்டும் வேண்டாம், போட்டிக்காரனுக்குத் தெரிந்துவிடும் என்கிறார்கள். இதே இலையை வாங்கி இதே மெஷினில் அரைக்கிற போட்டிக்காரர் அதை ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருப்பார், தெரியாமல் இருப்பது இலை கொடுக்கிறவருக்கு மட்டும்தான் என்று ஒவ்வொரு முறை போகும்போதும் சொல்கிறேன். அடுத்த மாதக் கணக்கு முடிக்கும்போதும் சொல்வேன்.