80 டிகிரியில் உறையும் கஸ்டர்டு

முட்டையும் பாலும் சேர்த்துச் செய்யும் கஸ்டர்டு வகைகள் பெரும்பாலும் கெட்டுப்போவது அளவு பிசகுவதால் அன்று, சூடு பிசகுவதால்தான். தனி மஞ்சள் கரு 65 டிகிரி செல்சியஸில் கெட்டிப்படத் தொடங்கி 70 டிகிரியில் உறைந்துவிடும். அதனுடன் பாலும் கிரீமும் சர்க்கரையும் கலந்ததும் முட்டையின் புரதங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போவதால், அவை மீண்டும் பிணைந்து உறைவதற்கு ஏறத்தாழ 80 டிகிரி தேவைப்படுகிறது. 85 டிகிரியைத் தாண்டினாலோ அதே புரதங்கள் இறுகிச் சுருங்கி, தமக்குள் பிடித்துவைத்திருந்த நீரை வெளியே விட்டுவிடும். கஸ்டர்டு திரிந்து, முட்டை வாடையும் ஏறிவிடும். நமக்குக் கிடைப்பது ஐந்தாறு டிகிரி இடைவெளிதான்.

இட்லிப் பாத்திரத்தில் எழும் ஆவியின் சூடு 100 டிகிரி. ஓவனில் வெந்நீர் ஊற்றிய தட்டுக்குள் கிண்ணங்களை வைத்தாலும், மேலே சூழ்ந்திருக்கும் காற்று 150 டிகிரியில் இருக்கும். இரண்டு முறைகளிலும் கலவை பதத்தை எட்டும் நேரத்தைக் கணித்து வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகும் ஓரங்கள் சிறிது நேரம் வெந்துகொண்டே இருக்கும். மூடிய உறையிலோ ஜாடியிலோ இட்டு, சூடு மாறாத நீரில் வேகவைக்கும் சூ வீட் முறையில் இந்தக் காவல் வேண்டியதில்லை. நீரைச் சூடாக்கிச் சுழலவிடும் கருவி, பாத்திரத்து நீரை 80 டிகிரியிலேயே நிறுத்தி வைப்பதால், உள்ளே இருக்கும் கஸ்டர்டின் சூடு அதற்கு மேல் ஏற வழியே இல்லை. பத்து நிமிடம் பிந்தி எடுத்தாலும் பதம் கெடுவதில்லை. இந்த ஒன்றுக்காகவே இக்கருவியை இறைச்சியைவிட இனிப்புக்கு உகந்தது என்று நான் கருதுகிறேன்.

1974-இல் பிரான்சின் ரோவான் நகரில், வாத்து ஈரல் வேகும்போது எடை இழக்காமலிருக்க சமையற்கலைஞர் ஜார்ஜ் ப்ரலூ அதைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வேகவைத்ததிலிருந்து, இம்முறை என்றாலே காற்று நீக்கிய உறைகள்தாம் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. கஸ்டர்டுக்கு அவை தேவையில்லை. திருகு மூடி போட்ட சிறிய கண்ணாடி ஜாடிகள் போதும்.

நான் அடிக்கடி செய்வது, மேலே சர்க்கரையைத் தூவித் தீயால் உருக்கி மொறுமொறுப்பான மேலோடாக்கும் க்ரெம் ப்ரூலே என்ற கஸ்டர்டு. 125 மில்லி ஜாடிகள் ஐந்திற்கு 300 மில்லி கிரீம், 100 மில்லி பால், ஐந்து மஞ்சள் கரு, 60 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, சிறிது வெனிலா ஆகியவை வேண்டும். பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடைகளில் விப்பிங் கிரீம் என்று கிடைப்பவற்றுள் பல, தாவரக் கொழுப்பில் ஏற்கெனவே இனிப்புச் சேர்த்துச் செய்தவை. அட்டையைப் படித்துப் பார்த்துப் பாலிலிருந்து எடுத்த கிரீமையே வாங்க வேண்டும். பாலையும் கிரீமையும் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, சர்க்கரையோடு கலக்கிய மஞ்சள் கருவில் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளற வேண்டும். நுரை பொங்க அடிக்கக் கூடாது. வடிகட்டி அரை மணி நேரம் அப்படியே வைத்தால் மேலே நுரை ஒதுங்கும். அதைக் கரண்டியால் எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால், ஜாடியில் மேற்பரப்பு அம்மைத் தழும்புபோல் குழிகுழியாக உறையும்.

மூடியைத் திருகுவதில்தான் கவனம் வேண்டும். விரல் நுனிகளால் திருகி, எங்கே தானாக நிற்கிறதோ அங்கேயே விட்டுவிட வேண்டும். உள்ளே விரியும் காற்று வெளியேற இடம் வேண்டும். இறுக்கிவிட்டால் ஜாடி விரிசல் விடக்கூடும். நீரில் இறக்கியதும் மூடியின் ஓரத்திலிருந்து நூல்போலக் குமிழிகள் எழுவதைப் பார்க்கலாம், அதுவே சரியான அடையாளம். குளிர்ந்த ஜாடியை வெந்நீரில் இறக்குவதும் ஆபத்து என்பதால், கலவையை இளஞ்சூடாக இருக்கும்போதே ஊற்றுகிறேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்து, அறையின் சூட்டுக்கு வரும்வரை ஆறவிட்டு, குறைந்தது நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது ஜாடியைச் சாய்த்தால் நடுப்பகுதி தளதளவென்று ஆடும். குளிர்ந்தபின் கரண்டி இறங்கிய இடம் ஒரு துளைகூட இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும்.

மூடியில் கோத்த நீர் கஸ்டர்டின் மேல் சொட்டியிருந்தால், மெல்லிய தாளால் ஒற்றி எடுத்த பிறகே சர்க்கரையைத் தூவ வேண்டும். இல்லாவிட்டால் அது கரைந்துபோகும், தீச்சுடரைப் பீய்ச்சும் சமையல் டார்ச்சின் தீயில் கருகுமே தவிரக் கண்ணாடிபோல் இறுகாது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அந்த மேலோடு விரைவில் பிசுபிசுத்துவிடும் என்பதால், சாப்பிட உட்கார்ந்த பிறகே தீயைக் காட்டுவது நல்லது.

கருவி இல்லாதவர்கள், பெரிய பாத்திரம் நிறைய நீரும் ஒரு சமையல் வெப்பமானியும் சிறு தீயும் கொண்டு 79-க்கும் 82-க்கும் இடையே நிறுத்திவைக்கலாம். நீர் மிகுதியாக இருந்தால் சூடு மெல்லத்தான் மாறும். மின்சாரம் நின்றால்கூட மூடிவைத்த பாத்திரம் கொஞ்ச நேரம் தாங்கும்.

இலங்கை முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்குச் செய்யும் வட்டிலப்பமும் கஸ்டர்டுதான்: தேங்காய்ப்பால், கித்துள் என்னும் பனைவகையின் கருப்பட்டி, முழு முட்டை, ஏலக்காய். ஆவியின் கடுஞ்சூட்டில் அது கண்கண்ணாகத் துளைவிட்டு உறையும். அத்துளைகளில் கருப்பட்டிப் பாகு தங்குவதுதான் சுவை என்பவர்களுக்கு நீராவியே ஏற்றது, அதில் எனக்கு மறுப்பில்லை. துளையில்லாமல் வேண்டுவோர், வெள்ளைக் கருவின் முதன்மைப் புரதம் உறைய 80 டிகிரிக்கு மேல் வேண்டியிருப்பதால், நீரை 83 டிகிரிக்கு உயர்த்தி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக விட்டுவைக்கலாம்.