ஸ்மோக்டவுன் பண்ணை வீட்டுச் சாப்பாடு

பென்சில்வேனியால லங்காஸ்டர் பக்கம் வந்து சேர்ந்த மொத வருஷம் என்னைய ரொம்ப வாட்டுனது பேச்சுத்துணை இல்லாததுதாங்க. வீட்டுக்காரர் ஆபீஸ் போயிட்டா நாள் முழுக்க வாய் திறக்க வேலையே இருக்காது, பக்கத்து வீட்டுல கை காட்டுவாங்க, சிரிப்பாங்க, அதோட சரி. இந்த நாட்டுக்காரங்க கூட நான் முதமுதல்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே பேசுனது ஸ்மோக்டவுன்ல 'குட் என் பிளென்டி'ங்கற பழைய பண்ணை வீட்டு ரெஸ்டாரண்ட்லதான், அதனால அந்த இடத்து மேல எனக்குத் தனிப் பிரியம்.

1871ல கட்டின வீடு அது, 1969ல லாப் குடும்பம் அதை ரெஸ்டாரண்ட்டா மாத்துனாங்க. சுத்துப்பட்டுல எல்லாம் ஆமிஷ்ங்கற, கார் வச்சுக்காம பழைய முறையிலயே வாழற கிறிஸ்தவ ஜனங்களோட சோளக்காடும் புகையிலைக்காடும்தான், கோவேறு கழுதை பூட்டி உழுவறத ரோட்டுல இருந்தே பாக்கலாம். 1955ல ஆமிஷ் வாழ்க்கைய வச்சு 'பிளெயின் அண்ட் ஃபேன்சி'ன்னு நியூயார்க் பிராட்வே தியேட்டர்ல ஒரு மியூசிக்கல், அதாவது பாட்டு நாடகம் வந்துச்சு, அதுக்கப்புறம் டூரிஸ்ட் கூட்டம் இந்த ஊர்ப்பக்கம் எக்கச்சக்கமா வர ஆரம்பிச்சுது, வந்தவங்களுக்கு குதிரை வண்டிய மட்டும் பாத்துட்டுப் போனா போதல, பண்ணைக்காரங்க சாப்பாட்டையும் சாப்பிடணும். 1959லயே பக்கத்துல பேர்ட் இன் ஹேண்ட்ங்கற ஊர்ல அந்த மியூசிக்கல் பேர்லயே, தட்டை மாத்தி மாத்தி எடுத்துச் சாப்பிடற ஒரு ஃபேமிலி ஸ்டைல் ரெஸ்டாரண்ட் வந்துடுச்சு. அந்த அலையிலதான் இந்த வீடும் சாப்பாட்டுக்கடை ஆச்சு.

நான் போனப்ப அங்க நமக்குன்னு தனி டேபிள் கிடையாது. நீளமான மேசை, முன்னப்பின்ன தெரியாத குடும்பங்கள எல்லாம் ஒண்ணா உக்கார வச்சுருவாங்க, பெரிய பெரிய தட்டுல கோழி வறுவல், மசிச்ச உருளைக்கிழங்கு, வெண்ணெய் ஊத்துன நூடுல்ஸ், சோளம்னு வந்துக்கிட்டே இருக்கும், எடுத்துட்டு பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடணும், தீர்ந்தா மறுபடி கொண்டாருவாங்க. தட்டை வாங்கறப்ப எப்படிங்க பேசாம இருக்க முடியும்? எனக்கு எதுத்தாப்புல உக்காந்த ஒஹாயோ பாட்டி எந்த ஊர், எத்தனை குழந்தைங்க, குளிருக்கு என்ன பண்றன்னு ஆரம்பிச்சாங்க, நான் மூச்சு விடாம பேசினேன், வீட்டுக்காரரே ஆச்சரியமா பாத்தாரு.

இந்தப் பழக்கம் டூரிஸ்ட்டுக்காகப் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. முன்னெல்லாம் கோதுமை கதிர் அடிக்கற சீசன்ல அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரங்க மாத்தி மாத்தி ஒத்தாசைக்கு வருவாங்க, வந்த அத்தனை பேருக்கும் அந்த வீட்டுப் பொம்பளைங்க சமைச்சு ஒரே மேசையில போடுவாங்க. ஈரோட்டுல இருந்து எங்க அத்தை வந்தப்ப கூட்டிட்டுப் போய் இதச் சொன்னேன், "நம்ம தோட்டத்துல மஞ்சள் வெட்டறப்ப ஆளுகளுக்கு ஆக்கிப் போட்டதாட்டத்தான கண்ணு"ன்னாங்க. அவங்களுக்கு ரொம்பப் புடிச்சது ஷூஃப்ளை பை (pie)ங்கற இனிப்பு. ஒரு வாய் வச்சதுமே கரும்புப் பாகு வாசம்னு கண்டுபுடிச்சுட்டாங்க, மொலாசஸ்லதான் செய்யறாங்க. சௌசௌன்னு ஒண்ணு வரும், நம்ம காய் இல்லைங்க, பலவிதக் காயும் பீன்ஸும் போட்ட இனிப்புப் புளிப்பு ஊறுகாய், அதுவும் அத்தைக்கு ஓகே. ஆப்பிள் பட்டர்ல வெண்ணெயே இல்ல, ஆப்பிளைப் பட்டை போட்டு மணிக்கணக்கா கிளறிச் சுண்ட வைக்கறது, அல்வா கிண்டின கைக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

இந்த ஊருக்குப் புதுசா வர்ற நம்ம ஆளுங்க யாரு கேட்டாலும் பண்ணை வீட்டுச் சாப்பாடு எங்க கிடைக்குதோ அங்க ஒரு தடவை போங்கன்னுதான் சொல்றேன். சைவம்னா உக்காந்ததுமே சொல்லிடுங்க, இந்தப் பக்கம் பீன்ஸை ஹாம், அதாவது பன்னிக்கறி போட்டு வேக வைக்கற பழக்கம் உண்டு, நூடுல்ஸையும் எதுல வேக வச்சாங்கன்னு கேட்டுக்கோங்க. ஞாயித்துக்கிழமை பல கடை லீவு, சனிக்கிழமை மதியமே போயிருங்க.