ஐந்தணு வளையமும் 122 மில்லிகிராமும்

வினைல் (கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்புள்ளது), ஆல்கைனைல் (மும்மைப் பிணைப்புள்ளது) ஆகிய இரண்டு தொகுதிகளும் ஒரே சிலிக்கானில் அமர்ந்த சிலேன் என்ற சிலிக்கான் சேர்மத்தை, 9-பிபிஎன் என்ற போரான்–ஹைட்ரஜன் சேர்மத்தோடு சேர்த்தால், சிலிக்கானைத் தாங்கிய ஐந்தணு வளையம் கிடைக்கும். பெய்ராய்ட் பல்கலைக்கழகத்தில் பெர்ண்ட் ராக்மையர் குழு நெடுங்காலம் உழுத நிலம் இது. முதலில் போரான்–ஹைட்ரஜன் பிணைப்பு வினைலின் மேல் சேர்கிறது; போரான் கடைசிக் கார்பனில் போய் உட்காரும். பிறகு சூடேற்றினால் அதே போரான் ஆல்கைனைப் பற்றுகிறது, சிலிக்கான்–கார்பன் பிணைப்பு அறுந்து அடுத்த கார்பனுக்கு இடம் மாறுகிறது, வளையம் மூடுகிறது.

பெரும்பாலான தோல்விகள் தராசிலேயே தொடங்குகின்றன. 9-பிபிஎன் படிகம் இருபடி, அதாவது இரண்டு அலகுகள் இணைந்த மூலக்கூறு. அதன் மூலக்கூறு எடை 244. அதில் போரான்–ஹைட்ரஜன் இரண்டு இருப்பதால், 1 மில்லிமோல் சிலேனுக்கு 122 மில்லிகிராம்தான் வேண்டும். 244 என்று எடைபோட்டுவிட்டால், மிகுதியான 9-பிபிஎன் ஆல்கைனின் மேலும் பாய்ந்துவிடும். அதற்குப் பின் மூடுவதற்கு வளையமே இல்லை. டைமெத்தில்(ஃபினைல்எத்தினைல்)வினைல்சிலேன் என்றால் 1.86 கிராமுக்கு 1.22 கிராம் 9-பிபிஎன்.

அடுத்த எதிரி, சிலேனில் ஒளிந்திருக்கும் லித்தியம் அசிட்டிலைடு. டெட்ராஹைட்ரோஃபியூரானில் குளோரோசிலேனோடு வினைபுரியும்போது அது சிறிது எஞ்சினால், போரானைப் பிடித்து நான்கு பிணைப்புள்ள போரேட்டாக முடக்கிவிடும். சிலேனைக் காய்ச்சி வடிக்காமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. வடித்தபின் மீதியெல்லாம் எளிது: ஆர்கான், உலர்ந்த கரைப்பான், அறை வெப்பநிலையில் முதல் படி, பிறகு டொலுயீனில் 80 டிகிரி செல்சியஸ்.

எப்போது நிறுத்துவது? போரான்-11 என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) நிறமாலை ஓரளவுதான் சொல்லும். 28 பிபிஎம் (நிறமாலை அளவுகோலின் அலகு) அருகே உள்ள குறி வினைபுரியாத இருபடி. 56 அருகே எழுந்தால் காற்று புகுந்து போரான்–ஆக்சிஜன் பிணைப்பு உண்டாகிவிட்டது. ஆனால் முதல் படியில் கிடைக்கும் இடைநிலைப் பொருளும் வளையமும் 80-ஐ ஒட்டியே அகன்று கிடப்பதால், மூடியதா இல்லையா என்பதை அது காட்டாது. கார்பன்-13 நிறமாலையில் ஆல்கைனின் இரண்டு குறிகளும் மறைந்ததா என்று பார்க்க வேண்டும். போரோசிலிகேட் குழாயின் கண்ணாடியே போரான் நிறமாலையில் ஒரு மேட்டை எழுப்பும். குவார்ட்ஸ் குழாய் இருந்தால் நல்லது.

போரானை நீக்க அசிட்டிக் அமிலம் போதும். வலுவான அமிலம் வேண்டாம், வளையத்திலுள்ள வினைல்சிலேனின் சிலிக்கான்–கார்பன் பிணைப்பும் கூடவே அறும்.

போரானை ஒட்டிய கார்பனின் குறி அடிக்கோட்டில் கரைந்து காணாமல் போனால், பொருள் தவறு என்று முடிவுகட்டி மாதிரியைக் கொட்டிவிட வேண்டாம். போரான் அணுக்கருவின் நான்முனைத் தன்மைதான் (அதன் மின்னூட்டம் கோள வடிவில் பரவியிராதது) காரணம். மாதிரியைக் குளிர்வித்து மறுபடி அளந்தால், போரான் அணுக்கருவின் தற்சுழற்சி இன்னும் வேகமாகத் தளர்வுறும். அந்தக் குறி கூர்மையாகி மேலெழும்.