ஆறாம் வகுப்பும் என் ஆறு ஆங்கிலக் கட்டளைகளும்

ஜூன் 5, புதன்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளி, ஆறாம் வகுப்பு, 34 பிள்ளைகள், நான் இங்கிலீஷ் டீச்சர். ஆங்கிலத்திலேயே பாடம் எடுத்தேன், பத்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்துப் பையனின் ஸ்கேலைப் பிடுங்கினான். "டேய், குடுறா அதை, வெளிய நிக்கப் போறியா?" வாயில் வந்தது தமிழ்தான். வகுப்பு கப்சிப். டீச்சர் ஆங்கிலம் பேசினால் சும்மா பாடம், தமிழுக்கு மாறினால்தான் நிஜம் என்று 34 பேருக்கும் நானே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஜூன் 7, வெள்ளி

கண்டிப்பதும் இனி ஆங்கிலத்தில்தான் என்று சபதம் எடுத்து, மூச்சு விடாமல் நீளமாக ஒன்று பேசி முடித்தேன். முன் பெஞ்சுப் பெண் நிதானமாகக் கேட்டாள்: "ஏனுங்க டீச்சர், திட்டுறீங்களா?"

ஜூன் 12, புதன்

காலையில் பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் "முன்னோட்டு கேறி நிக்கு" என்றதும் என் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் பேச்சை நிறுத்தாமலேயே முன்னால் நகர்ந்தார்கள், பேசியது தமிழ், நகர்ந்தது மலையாளத்துக்கு. இந்தச் சொல்லுக்கு யாரும் அவர்களுக்கு அர்த்தம் எழுதிப் போட்டிருக்க மாட்டார்கள். கட்டளையைக் கேட்டு உடம்பை அசைத்தே மொழி பழகலாம் என்று ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் சொன்னதை பி.எட்.டில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள் நான். டோட்டல் பிசிக்கல் ரெஸ்பான்ஸ் என்று பெரிய பெயர். அது தினமும் இந்த பஸ்ஸில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

ஆறே கட்டளைகள். "ஐஸ் ஆன் மீ" (கண் என் மேல்), "பென்ஸ் டவுன்", "ஹேண்ட்ஸ் அப்", "ஒன் அட் எ டைம்", "யுவர் டர்ன்", "ட்ரை அகெய்ன்". ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சாடை, தினமும் அதே சொல், அதே சாடை, குரலை மட்டும் உயர்த்துவதில்லை. "டோன்ட் டாக்" என்பதைக் கைவிட்டேன், அதில் இவர்கள் காதில் விழுவது "டாக்" மட்டும்தான். பேனாவை நானே முதலில் மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன், 34 பேனாவும் கீழே இறங்க முதல் நாள் ஏகப்பட்ட நேரம் பிடித்தது, இன்று நான் ஐந்து எண்ணுவதற்குள் முடிந்தது.

ஜூன் 26, புதன்

இன்று தப்பு என்னுடையது. ஒருவன் "இஸ்கூல்" என்று வாசித்தான், நான் "ட்ரை அகெய்ன்" என்றேன். மறுபடியும் "இஸ்கூல்". வகுப்பே சிரித்தது, அவன் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டான். நோட்டை ஒழுங்காக வைக்கச் சொல்லும் அதே குரலில், அதே சாடையோடு அவனிடமும் சொல்லியிருக்கிறேன், அவனுக்கு அது தண்டனையாகத்தான் பட்டிருக்கும். வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "விடு சாமி, எனக்கும் உன் வயசுல அப்படித்தான் வந்துச்சு" என்று தமிழில்தான் சொன்னேன். அங்கே எந்தச் சபதமும் கிடையாது. சிரித்தவர்களைத்தான் ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 3, புதன்

மத்தியானம் குழாயடியில் ஒரே தள்ளுமுள்ளு. நான் ஸ்டாஃப் ரூம் ஜன்னலருகே டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தேன். அந்த ஸ்கேல் பிடுங்கிதான் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி கத்தினான்: "ஒன் அட் எ டைம்! நாட் யுவர் டர்ன்டா!"

"நாட்" அவனாகச் சேர்த்துக்கொண்டது. அந்த "டா"வை நான் திருத்தப் போவதில்லை.